மணமேல்குடி மணலில் என் கால்தடம்

கடைசிப் பெஞ்சுத் தோழிகளே, இன்று அப்பா, அத்தை, தம்பி, நான் எல்லோரும் மணமேல்குடிக் கடற்கரையில் நடந்தோம். காற்று வாங்கத்தான் என்றாள் அத்தை.

எங்களுக்குப் பின்னால் ஓர் அம்மாள் தன் மகனோடு வந்தாள். கடலைப் பார்க்காமல், குனிந்து மணலையே பார்த்து வந்தாள். அங்கே அலை குறைவு; சேறு கலந்த ஈர மணலில் பதிந்த தடம் அழியாது.

"செருப்பக் கழட்டுடி" என்ற அத்தை, என் காதோரம் சொன்னாள்: "ரெண்டாவது வெரல மடக்கி நட. மாப்பிள்ளையோட ஆத்தா பாக்குது."

அப்போதுதான் புரிந்தது. என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு முடியப்போகிறது.

பெருவிரலைவிட அடுத்த விரல் நீண்டிருந்தால் புருஷனை அடக்குவாளாம். எனக்கு நீளம்தான்.

பத்தடி மடக்கி நடந்தேன். பிறகு விரலை நீட்டி, அழுத்தி அழுத்தி நடந்தேன்.

அந்த அம்மாள் நின்றுவிட்டாள். "அண்ணே, இந்தப் புள்ள எம் மவனக் கட்டி மேய்ச்சுப்புடும். நாங்க இப்பிடியே பஸ் ஏறிக்கிறோம்."

மகனும் அப்படியே திரும்பி அவள் பின்னால் போனான். அவனை மேய்க்க நான் எதற்கு?

வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தை, "மடக்குனியா, இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "மடக்குனேன் அத்தை, சேறு வழுக்கிருச்சு" என்றேன். அவள் நம்பவில்லை. எல்லோரும் தூங்கியபின் எழுதுகிறேன். நமக்குள் கைமாறும் இந்த நோட்டு எந்தப் பெரியவர் கையிலாவது சிக்கினால் நான் தொலைந்தேன்.

ஒவ்வொருத்தியும் விரலை அளந்து கீழே எழுதுங்கள். நீளமில்லாதவள் இன்றிலிருந்தே இழுத்துவிடட்டும்.