பிளாப்பிகளில் வந்த இயங்குதளம்

இங்கே கடையில் பாண் கேட்டால் விழிக்கிறார்கள். பிரெட் என்று கேட்க வேண்டும். நான் வாயைத் திறந்ததும் எதிரில் நிற்பவர் என் முகத்தை இன்னொரு தரம் பார்க்கிறார். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு அந்தப் பார்வை நீண்டுவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனவர்களுக்கு அந்த ஊர் மொழி தெரியாமல் பயம். தமிழ்நாட்டுக்கு வந்த எனக்கு என் தமிழே பயம்.

ஒரகடம் பக்கம் லேத் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் சிறு கம்பெனியில் வேலை. அங்கிருந்த ஒரே கணினியில் ஓர் இயங்குதளத்தைப் பொருத்திக்கொண்டிருந்தேன். அதன் கருவான நிரல் பின்லாந்திலிருந்து வந்தது. மற்ற நிரல்கள் வேறு வேறு நாட்டவர் எழுதியவை. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஒஸ்லோவில் இருக்கும் தம்பி அவற்றைப் பிளாப்பிகளில் தபாலில் அனுப்பினான். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் வரும் நேரம் பார்த்து ஒரே கணினிக்கு வரிசையில் நின்று படித்தவன் நான். இப்படி அள்ளிக் கொடுப்பார்கள் என்று அப்போது நம்பியிருக்கமாட்டேன்.

ஒரு பிற்பகல் இரண்டு போலீஸார் வந்தார்கள். விசைப்பலகை இன்னும் பின்லாந்து முறையிலேயே இருந்ததால், திரையில் தலைக்கு மேல் இரட்டைப் புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகள் நின்றன.

"இது இன்னா பாஷை?" என்றார் மூத்தவர்.

பலர் சேர்ந்து செய்வது என்று விளக்கினேன். யார் யார் என்றார். எனக்குத் தெரியாது, அவர்களுக்கே ஒருவரையொருவர் தெரியாது என்றேன். சொல்லும்போதே, ஏதோ ரகசிய இயக்கத்தைப் பற்றிச் சொல்வதுபோல் அது ஒலிப்பது புரிந்தது.

பிளாப்பிகளோடு என்னையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளறையில் யாரோ அடிவாங்கும் சத்தம் கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்து, விசாரணையில் எந்தச் சொல்லைத் தவிர்ப்பது என்றே யோசித்தேன். பொழுது சாயும்போது முதலாளியோடு எஸ்தர் வந்தார். எங்கள் கம்பெனியில் சர்க்யூட் போர்டுக்கு ஈயம் வைப்பவர், சேரப்பணஞ்சேரிக்காரர். "எங்க தெருவுலதான் சார் குடியிருக்காரு. தெனம் பாத்துக்கினுதான் இருக்கோம்" என்றார். வாராவாரம் வந்து கையெழுத்திடச் சொல்லி அனுப்பினார்கள். பிளாப்பிகள் திரும்பவில்லை. பயந்துபோன முதலாளி கணினியிலிருந்ததையும் அழித்திருந்தார்.

மறு வாரம் எஸ்தர் சாப்பாட்டுப் பையிலிருந்து பிளாப்பிக் கட்டொன்றை எடுத்து வைத்தார். கற்றுக்கொள்வதற்காக அவர் முன்பு இரவல் கேட்டபோது நான் கொடுத்த பிளாப்பிகளை, அவர் தங்கை கணவர் மறைமலை நகரில் நகல் எடுத்து வைத்திருக்கிறார்.

"யாருக்கு வேணா குடுக்கலாம்னு நீங்கதானே அண்ணா சொன்னீங்க?"

மகிழ்ச்சி வரவில்லை. இனி போலீஸார் அவர் வீட்டுக் கதவையும் தட்டலாம் என்றே நினைத்தேன். சொன்னேன். "தட்டட்டும்" என்றார், ஆனால் குரல் இறங்கியிருந்தது.

முதலாளி கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, அதை மீண்டும் கணினியில் பொருத்த அனுமதித்தார். இயங்குதளம் மீண்டும் எழுந்தது, வேறேதோ நாட்டு நேரம் காட்டியபடி. கடிகாரத்தைத் திருத்தும்போது உங்கள் ஊரில் இப்போது மணி என்ன என்று எஸ்தர் கேட்டார். இதே மணிதான் என்றேன். மாலை ஆறு. வெளியே ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது, எஸ்தர் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். யாழ்ப்பாணத்தில் இந்நேரம், குண்டு போடும் விமானங்களுக்குப் பயந்து அம்மா விளக்கைத் தணித்துவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டிருப்பார்.