கஞ்சி போட்ட சட்டை

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையிலிருந்து கஞ்சி வாசனை வந்தது. எனக்கு ஆகாத வாசனை.

அப்பா ஏர் ஓட்டிய வரைக்கும் அவர் மேல் சேற்று வாசனைதான். வரப்பில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் நடப்பார். எம்.எல்.ஏ. ஆனதும் கஞ்சி போட்ட சட்டை வந்தது. விடிந்தால் வாசலில் மனுவோடு சனம் நிற்கும். அவர்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கொஞ்சுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ரேங்க் கார்டோடு அந்த வரிசையில் நானும் நின்றேன். என் முறை வந்ததும், நீட்டிய வளையல் கையை மட்டும் பார்த்து, "இன்னாம்மா, எந்த ஊரு?" என்றார்.

"இந்த வூடுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

முன்சீட்டுக்காரர் திரும்பினார். "எம்.எல்.ஏ. பொண்ணுதானே? எம் பேரக்கூட மறக்காத மனுசன்மா உங்கப்பா!"

அவர் பெயரை நான் கேட்கவேயில்லை.