கண்ணுக்கு நேரே வைத்தவள்

முதியோர் இல்லத்துச் சமையலறைப் பொறுப்புக்கு வரும் முன், அக்கா பதினான்கு வருடம் ஒரு பெரிய கடையில் அலமாரி அடுக்கினாள். விற்க வேண்டியதைக் கண்ணுக்கு நேரே வை, மற்றதைக் காலடியில் தள்ளு என்பது அங்கே அரிச்சுவடி. அவளுக்கு ஐம்பதுதான் ஆகிறது. இருந்தாலும் இல்லத்தில் எண்பது வயதுக்காரர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

மாதமொரு முறை வரும் டாக்டர், உப்பைக் குறையுங்கள், நடங்கள் என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள், இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவார்கள். அக்கா யாருக்கும் புத்தி சொல்லவில்லை. பொருள்களை இடம் மாற்றினாள், அவ்வளவுதான். நறுக்கிய பழம் பரிமாறும் வரிசையின் முதலில் வந்தது. பிஸ்கட் டின் அலமாரியின் மேல் தட்டுக்குப் போனது. சாப்பாட்டு மேசைகளிலிருந்த உப்புக் குப்பிகள் ஜன்னலோர ஸ்டாண்டுக்குக் குடிபெயர்ந்தன. வேண்டுமென்றால் எழுந்து போய் எடுக்கலாம். பாதிப் பேருக்கு எழச் சோம்பல்.

அறை வாசலுக்கு வந்துகொண்டிருந்த செய்தித்தாள், தோட்டத்துக் கடைசி பெஞ்சுக்குப் போனது. அது முக்கியமாக ஒருவருக்காக. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மனைவி போன பிறகு கட்டிலே கதியென்று கிடந்தவர். கால் இரண்டும் வீங்கியிருந்தன. பேப்பர் படிக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. திட்டிக்கொண்டே நடந்தார். இரண்டு மாதத்தில் பழைய செருப்பு காலில் நுழைந்தது.

நர்ஸுக்குத்தான் வாய் நிற்கவில்லை. "உங்கள நடக்க வைக்கத்தான் அக்கா பேப்பர அங்க வெச்சாங்க. பாத்தீங்களா, வீக்கமெல்லாம் போயிடுச்சு!"

டிரைவரின் முகம் சிவந்தது. அன்று மத்தியானம் அவர் சாப்பிட வரவில்லை. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"நாப்பது வருஷம் நான் வண்டிய திருப்பினேன். இப்ப என்னையே நீ திருப்புறியா?" என்றார் சுவரைப் பார்த்தபடி. "நான் என்ன சின்னக் குழந்தையா?"

"தப்புதாங்க ஐயா." அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றாள். "எங்கப்பாவுக்கும் பிரஷர். உப்பு போடாதீங்க, போடாதீங்கன்னு மூணு வருஷம் கத்தினேன். கடைசியா அவர்கிட்ட பேசினதும் அந்தச் சண்டைதான். அதுக்கப்புறம் யாரையும் திட்டிச் சாப்பிட வைக்க மனசு வரல."

டிரைவர் மெல்லத் திரும்பினார். "அதுக்கு, சொல்லிட்டுச் செய்யக் கூடாதாம்மா?"

மறுநாள் காலை, எல்லோரும் சாப்பிடும்போது அக்கா எழுந்து நின்று, எதையெதை ஏன் நகர்த்தினாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். "யாருக்குப் பழையபடி வேணுமோ சொல்லுங்க, மாத்திடறேன்."

சிலர் சிரித்தார்கள். இரண்டு மேசைக்காரர்கள் உப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். டிரைவர் தனக்குப் பேப்பர் அறைக்கே வர வேண்டும் என்றார். அப்படியே வந்தது.

எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"பேப்பர் அங்கயே இருக்கட்டும். ஆனா உன் ரூட் சரியில்ல. என் ஜன்னல்லேருந்து பாக்கறேன், பக்கத்து ரூம் தையல்காரம்மா அந்த பெஞ்சுக்குக் கிளம்பி, முழங்காலப் பிடிச்சிக்கிட்டு பாதியிலயே திரும்பிடுது. நடுவுல ஒரு ஸ்டாப் வேணும்."

"எங்க போடலாம், நீங்களே சொல்லுங்க."

அவர் அவளைக் கூட்டிக்கொண்டு போய், அடி அளந்து, மரநிழலாகப் பார்த்துச் செருப்பு முனையால் மண்ணில் கோடு கிழித்தார். அன்று மாலையே அங்கே ஒரு பெஞ்சு வந்தது.

இப்போது தையல்காரம்மா அதுவரை வந்து உட்கார்ந்துகொள்கிறாள். டிரைவர் கடைசிவரை போய்ப் பேப்பரை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்கிறார். அவருக்குத் தலைப்புகள்தான் தெரியும், பொடி எழுத்து தெரிவதில்லை; மிச்சத்தை அவள் படித்துச் சொல்கிறாள். சில நாள் முழங்கால் வலிக்காமல் இன்னும் பத்தடி போக முடிகிறது என்கிறாள். போகலாமே, அவசரமில்லை என்கிறார் அவர்.