புளி போட்டுத் தேய்த்த தொலைநோக்கி

ரோசம்மா டீச்சரும் நானும் மயிலாப்பூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். காலமான தன் அப்பாவின் பித்தளைத் தொலைநோக்கியை என்னை நம்பி இரவல் கொடுத்திருந்தார். அஷ்டமியன்று அரை நிலாவைப் பார்த்தேன். அம்மைத் தழும்பு மாதிரி அத்தனை குழிகள். பௌர்ணமிக்கு அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டேன். கறுத்திருந்த பித்தளையைக் குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்தும் வைத்தேன்.

அன்று ஒரு குழிகூடத் தெரியவில்லை. நிலா வெள்ளைத் தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது. புளித்தண்ணீர் உள்ளே இறங்கிக் கண்ணாடியைக் கெடுத்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு வாரம் டீச்சர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு நாள் விடிந்ததும் சாந்தோமிலிருந்த அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

அவர் தொலைநோக்கியை வாங்கி, வானத்தில் வெளுத்துக் கிடந்த தேய்பிறை நிலாவுக்குத் திருப்பினார்.

“இப்போ பாருங்க.”

பாதி நிலா முடிகிற ஓரத்தில் குழிகள் வரிசையாக இருந்தன.

“பௌர்ணமியில நிலா மேல வெயில் நேரா விழும். நிழலே இருக்காது. நிழல் இல்லாம குழி எப்படித் தெரியும்?” என்றார். “ஆனா புளி மட்டும் இனிமே வேண்டாம்.”

தழும்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு காலையில்தான்.