மண்டபத்துக்குப் பின்னால் கட்டியிருந்த கிடா

அந்தக் கிடா எங்கள் கருப்புசாமிக்கு நேர்ந்துவிட்டது. வேறு யாருக்கும் இல்லை. வாயால் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன், எவனும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும்.

மதுரையில் ஒரு பழைய மண்டபத்துக்கு நான் காவல். கூட்டுவது, துடைப்பது, விளக்குப் போடுவது எல்லாம் நானே. ஃப்ரீமேசன் என்கிற சங்கத்துக்காரர்களின் மண்டபம் அது. மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். டாக்டர் உண்டு, வக்கீல் உண்டு, இரும்புக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவரும் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ செய்வார்கள். முடிந்ததும் பரோட்டாவும் சுக்காவும் வரவழைத்துச் சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று நான் கேட்டதில்லை. என் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களும் கேட்டதில்லை.

முன்பெல்லாம் அந்தக் கட்டடத்தை ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்தது, அதற்குள் இலுமினாட்டி வந்தது. உலகத்தையே சில பேர் ஒளிந்திருந்து ஆட்டிவைக்கிறார்களாம். மழை பெய்யாவிட்டால் அவர்கள் வேலை, புது வியாதி வந்தால் அவர்கள் வேலை. ஃப்ரீமேசன்தான் அதற்குத் தாய்வீடு என்று எவனோ வீடியோ போட, எங்கள் கேட் முன்னால் பையன்கள் வந்து ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு படம் எடுக்க ஆரம்பித்தார்கள். ஒற்றைக் கண்தான் இலுமினாட்டி அடையாளமாம். நான் உள்ளே போய்விடுவேன். பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கவே கூச்சப்படுகிறவன் நான்.

போன வருடம் என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்து எழுந்தால் கீழக்குயில்குடியில் இருக்கும் எங்கள் கருப்பனுக்கு மறுவில்லாத கருங்கிடா வெட்டுவதாக அவளே நேர்ந்துகொண்டாள். எழுந்துவிட்டாள். குட்டி வாங்கினோம். நேர்ந்துவிட்ட கிடா சாமியுடையது. அதற்குப் பதில் இன்னொன்று என்று மாற்ற முடியாது. வில்லாபுரத்தில் நாங்கள் இருப்பது மாடியில் ஒற்றை அறை, கட்ட இடமில்லை. சங்கத்துச் செயலாளர் சாரிடம் கேட்டுவிட்டு மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமரத்தில் கட்டி வளர்த்தேன்.

ஒருநாள் காலையில் இரண்டு பேர் கம்பியில் செல்போனை மாட்டிக்கொண்டு பின்சுவர் மேல் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணே, இந்தக் கருப்பு ஆடு எதுக்கு? பலி குடுக்கவா?"

"ஆமா தம்பி. எங்க குலசாமிக்கு நேர்ந்தது. கீழக்குயில்குடியில வெட்டுவோம்."

அவ்வளவுதான் பேசினேன். சாயங்காலம் என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை செல்போனைக் கொண்டுவந்து காட்டினார். அதில் கிடா நிற்கிறது, பின்னணியில் பேய்ப்பட மேளம். பலி கொடுக்கவா என்று ஒரு குரல். ஆமா என்று நான். அதற்குப் பிறகு நான் சொன்னதை வெட்டிவிட்டான். 'வாட்ச்மேனே ஒத்துக்கொண்டார்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தான். கீழே கமெண்ட்டுகள். இன்றைக்கு ஆடு, நாளைக்குக் குழந்தை என்று ஒருவன். இவன் மூஞ்சியே சரியில்லை என்று இன்னொருவன். மதுரையில் கிடா வெட்டாத குலசாமி கோயில் எத்தனை இருக்கிறது? எலும்பைப் பிடித்து உறிஞ்சிய அதே கையால் எனக்கு நரபலிக்காரன் என்று பட்டம் எழுதுகிறார்கள்.

மறுநாள் செயலாளர் சார் கூப்பிட்டார்.

"ஏப்பா, சங்கத்துப் பேரு நாறுது. ஆட்டை வேற எங்கயாவது கொண்டு போயிரு."

கொண்டு போவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். சுவர் மேலிருந்து கேள்வி கேட்டவனும் கூட நாலைந்து பேரும், ஒரு லோடு ஆட்டோவும். வாயில்லா ஜீவனை மீட்கிறோம் என்று செல்போனைப் பார்த்துப் பேசிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார்கள். என் ஆடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தனை செல்போனும் என் முகத்துக்கு நேரே வந்தது. நான் உள்ளே போய்விட்டேன், அவர்கள் கிடாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "சாமி பொருளைக் குடுத்துட்டு வந்திருக்கீகளே. அவன் குடுத்ததத் திருப்பி எடுத்துருவானே." அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மறுபடி வலிக்கிறது என்றாள்.

மாப்பிள்ளை விசாரித்து இடத்தைச் சொன்னார். மாட்டுத்தாவணி தாண்டி ஒரு தகரக் கொட்டகை. நானும் அவளும் போனோம். கிடாவின் கழுத்தில் நீலப் பட்டை மாட்டி நாய்களுக்கு நடுவில் கட்டியிருந்தார்கள். சுவர் மேலிருந்து கேட்ட அந்தப் பையன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"வாங்கண்ணே. ஒரே ஒரு வீடியோ குடுங்க, ஆட்டை ஓட்டிட்டுப் போங்க. உள்ள என்ன நடக்குதுன்னு உண்மைய மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். என் மனைவிக்காகச் சொன்னேன். தரை கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டது, அதைத் துடைத்தால் இடுப்பு விட்டுப்போகும். நாற்காலிகளில் பாதி ஆடும். ஃபேன் சத்தம் போடும். கோட்டுப் போட்டு வருவார்கள், பரோட்டா சாப்பிடுவார்கள். கிடா என்னுடையது, கருப்பனுக்கு.

பாதியிலேயே செல்போனை இறக்கிவிட்டான். "இதுல ஒண்ணுமே இல்லையேண்ணே."

"அதைத்தாண்டா சொல்றேன்!"

நான் கத்தியதில் நாய்களெல்லாம் குரைத்தன. என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. என் மனைவி யாரையும் கேட்கவில்லை, நேரே போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

"அம்மா ஓட்டிட்டுப் போகட்டும்டா," என்றான் அவன் கூட்டாளியிடம். "இந்த ஆட்டுக்கு வரவேண்டிய வியூஸ் வந்திருச்சு."

கிடாவைக் கொண்டுபோனதைவிட அந்தச் சொல்தான் இன்னும் எரிகிறது. ஒருத்தி சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது அவனுக்கு வியூஸ்.

அந்த வெள்ளிக்கிழமையே கீழக்குயில்குடியில் பொங்கல் வைத்தோம். கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார் பூசாரி. அது உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். சிலுப்பவில்லை. மறுபடி தெளித்தார். கல் மாதிரி நின்றது. "கை மாறிப்போச்சே, தீட்டாக்கிப்புட்டாங்களே," என்று அவள் அழ ஆரம்பித்தாள். அந்தப் பையன் கிடைத்திருந்தால் அன்றைக்கு என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. பூசாரி இன்னொரு சொம்பு வாங்கி முதுகோடு ஊற்றினார். கிடா தலையிலிருந்து வால்வரை சிலுப்பியது. குலவை எழுந்தது. அவள் மண்ணில் விழுந்து கும்பிட்டாள்.

பந்தியில் அவள் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் கறி வாளியோடு வந்தேன். மாப்பிள்ளை இலையில் எலும்பை ஒதுக்கிவிட்டு என் பக்கமாகச் சாய்ந்தார்.

"மாமா, நம்மளுக்குள்ளதானே. உள்ள என்னதான் பண்றாங்கெ?"

கரண்டியை வாளிக்குள் போட்டேன்.

"மாப்ள, கறி வேணுமா, வேணாமா?"