கயிறு அவிழ்க்க முன்

புதுப் பொலித்தீன் வாசம் வந்தால் அந்தப் படகுதான் எனக்கு நினைவு. திருகோணமலைத் துறைமுகத்தில் கவிழ்ந்த பயணிகள் படகை விசாரித்த குழுவில் நானும் இருந்தேன். மீட்ட படகின் கூரையில் உயிர்காப்பு அங்கிகள் பொலித்தீன் உறை பிரியாமல் தொங்கின. அழுக்குப்பட்டால் பரிசோதகர் ஏசுவார் என்று இங்கே படகுக்காரர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

"அங்கிகள் இருந்தன" என்று எழுதி முடிக்கப் பார்த்தோம். விசாரணைக்கு வந்திருந்தவர்களிடையே, அந்தப் படகில் தம்பியைப் பறிகொடுத்த ரீட்டா எழுந்தாள்.

"இருந்ததுதான் ஐயா. அவன் போட்டிருந்தவனோ?"

அந்தக் கேள்வி எங்களைக் கதிரையில் இருக்க விடவில்லை. அறிக்கையை அலுமாரியில் தூங்க விடாமல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினோம். கடைசியில் விதி வந்தது: எல்லோரும் அங்கி போட்ட பிறகே படகின் கயிறு அவிழும்.

விதி நடைமுறைக்கு வந்த முதல் நாள் ரீட்டாவும் இறங்குதுறைக்கு வந்தாள்.

"கலியாணத்துக்குப் போறன் தங்கச்சி, சேட் கசங்குது" என்று அங்கியைக் கையில் வைத்தபடி பயணி ஒருவர் முனகினார்.

"கசங்கட்டும் அண்ணே. ஆள் முழுசாப் போய்ச் சேருங்கோ."

படகே சிரித்தது. அவரும் போட்டுக்கொண்டார். கயிறு அவிழ்ந்தது. விதியோடு என் வேலை முடிந்தது என்றுதான் நானும் நம்பினேன்.

"எல்லாம் சரி வந்திட்டுது. நான் வாறன்" என்றேன்.

படகிலிருந்து கண்ணெடுக்காமல் ரீட்டா சொன்னாள்:

"இண்டைக்குச் சரி. நாளைக்கும் வந்து பாருங்கோ ஐயா."