பார்த்தீனிய எரு

அப்பா ஓய்வு பெற்றதும் ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, காட்டுப்பாக்கத்தில் அரை கிரவுண்டில் கட்டிய வீட்டுக்குப் போனோம். எண்பதுகளின் கடைசி. ஆயுள் முழுக்கத் தொழிற்சாலைக் கூரைக்கடியில் நின்றவருக்கு ஒரே ஆசை. சொந்த மண்ணில் மல்லிகை வைத்து, அதன் பக்கத்தில் வெயில் காய வேண்டும்.

மனை முழுக்கப் பார்த்தீனியம் இடுப்பளவு பூத்து நின்றது. அப்பா வெறுங்கையால் பிடுங்கிக் குவித்தார். பக்கத்து மனையில் மாடு கட்டியிருந்தவர், "அத்த கொளுத்திடு சார். மாடுகூட மோந்து பாக்காது, இன்னாத்துக்கு ஆவும்?" என்றார்.

நான் அப்போது பிளஸ் டூ. தாவரவியலில் முதல் மார்க் வாங்குகிற திமிர் வேறு. எந்தச் செடியும் மக்கினால் எருதான் என்று அப்பாவிடம் அளந்தேன். பார்த்தீனியத்தின் விதை கடுகைவிடச் சின்னது, இரண்டு பக்கமும் மெல்லிய சவ்வு, காற்றிலும் தண்ணீரிலும் ஏறிப் போகும். இதையெல்லாம் லென்ஸில் பார்த்துப் படமே வரைந்திருக்கிறேன். பூத்த செடியைக் குழியில் போடக் கூடாது என்பது மட்டும் என் மண்டையில் உறைக்கவில்லை. மகள் சொல்லிவிட்டாள் என்று அப்பா குழி வெட்டினார். ஆறேழு மாதம் கழித்து, அந்த எருவை மல்லிகைப் பாத்தியெங்கும் தன் கையாலேயே தூவினார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு பாத்தியில் மல்லிகை தெரியவில்லை. அதுதான் முளைத்திருந்தது. பிடுங்கப் பிடுங்க வந்தது. முதலில் அவருக்கு விரலிடுக்கில் அரிப்பு, பிறகு கழுத்தில், கண் இமையில். பொங்கலுக்குள் முகமே கறுத்துத் தடித்துவிட்டது.

பூந்தமல்லியில் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். "மருந்து அடக்கும், தீர்க்காது. அந்தச் செடி இல்லாத இடமாப் பாத்துப் போயிடுங்க" என்றார்.

"எங்க சார் இல்ல?" என்றார் அப்பா. கிண்டல் இல்லை, உண்மையாகவே விலாசம் கேட்டார். டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவர் காம்பவுண்டு ஓரத்திலேயே அது வெள்ளையாகப் பூத்திருந்தது. சீட்டில் இன்னொரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

அதன்பின் அப்பா ஜன்னல் சாத்திய உள்ளறையிலேயே இருந்தார். வெயில் பட்டால் முகம் எரிந்தது. எனக்கு அந்த முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. வினை எருவில் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அவர் சந்தேகப்படவும் இல்லை.

நான் கல்லூரியில் சேர்ந்து அதே தாவரவியலைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கேட்டார்.

"இதுக்கு வழி எதாவது உன் புஸ்தகத்துல போட்டிருக்காம்மா?"

இல்லை என்றேன்.

"நல்லாப் பாரும்மா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அவர் எதிரில் உட்கார்ந்து, இல்லாத ஒன்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடினேன்.